இருக்கிற நான்கு வீடுகள்

கழுத்தில் தடவிய பசை வலப்பக்கம் சில்லென்றிருந்தது. இடப்பக்கம் எதுவுமில்லை, வேறு யாருடைய கழுத்திலோ யாரோ எதையோ தடவுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பது போலிருந்தது. அதைச் சொல்லக் கூடாது என்று சாரதாமணி வாயை இறுக்கிக்கொண்டாள். சொன்னால் எழுதிக்கொள்வார்கள். இரண்டு வருடமாக அவள் சொல்வதையெல்லாம் யாராவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். முன்பெல்லாம் எழுதிக்கொள்கிறவள் அவளாக இருந்தாள். மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர், முப்பது வருடம். எந்த வீதியில் என்ன குறை என்று சனங்கள் சொல்வதைக் குனிந்து எழுதியவள். இப்போது குனிந்தால் பிடரியிலிருந்து இடுப்புவரை ஷாக் அடிக்கிறது. "அசையாமப் படுங்கம்மா, இருபதே நிமிஷம். பேச்சு மட்டும் குடுக்காதீங்க, நீங்க பேசினா மிஷினும் கூடவே பேசும்," என்றாள் பிலோமினா. ஸ்கேன் எடுக்கிறவள், நாற்பது வயதிருக்கும், கட்டிலுக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். சாரதாமணியின் வயிற்றின் மேல் ஓர் அட்டை. அட்டையில் நான்கு பக்கச் சம்மதப் படிவம், கிளிப்பில் செருகிய பேனா. மேஜை மேல் வைக்கிறேன், கொடுங்கள் என்று பிலோமினா இரண்டு தடவை கேட்டும் அவள் கொடுக்கவில்லை. நாளைக் காலையில் முதல் ஆள் நீங்கள்தான், இன்றைக்கு ஐந்து மணிக்குள் கையெழுத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று ரத்தக்குழாய் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூளையிலிருந்து ரத்தம் இறங்கி வருகிற கழுத்துக் குழாய் சுருங்கியிருக்கிறதாம். தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை மேலே அனுப்பி, கழுத்தில் பலூனை ஊதி, குழாயை விரித்துவிடுவார்களாம். விரித்தால் கால் வரும், கை வரும் என்று அவர் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால்.

கடிகாரத்தை வலக்கண் பால் ஊற்றிய மாதிரி பார்த்தது, இடக்கண் சரியாகப் பார்த்தது. வெயிலில் வந்தால் இப்படித்தான். வெயில் ஏறினால் கண் மங்கும், கால் கனக்கும், நாக்கு ஒரு சொல்லுக்காக வாசலில் நிற்கும். கோயமுத்தூரில் வெயில் இல்லை என்று பெருமை பேசிய ஊர்க்காரிக்கு இது சரியான தண்டனை. வெளியே இரும்பு நாற்காலியில் நாச்சிமுத்து பிளாஸ்கோடு உட்கார்ந்திருப்பார். அவருடைய சட்டைப்பையில் அவள் வரைந்த படம் நாலாக மடித்து இருக்கும். ஆடி மாதக் காலண்டர் தாளின் முதுகில் வரைந்தது. மேலே ஒரு தொட்டி, அது தலை. உள்ளே போகிற இரண்டு குழாய், வெளியே வருகிற இரண்டு குழாய், வெளியே வருவதில் ஓரிடத்தில் பெருக்கல் குறி. இங்கே அடைத்துக்கொண்டால் மேலே தேங்கும், தேங்கினால் கெடும், பாருங்க எவ்வளவு எளிமை என்று அவள்தான் அவருக்கு விளக்கினாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் இரண்டாவது தடவை ரசம் கேட்டார். லேத் பட்டறைக்காரர். கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்கிற ஆள். இத்தனை நாளும் கோளாறு எங்கே என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்றார்கள்; மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகிறது, உரிக்கிறது உங்கள் உடம்பேதான் என்றார்கள். உடம்பு தன்னையே ஏன் உரிக்கும்? அந்தக் கேள்விக்கு அவளிடம் ஸ்பானர் இல்லை. அடைப்பு என்றால் அவளுக்குத் தெரியும். அடைப்பு அவளுடைய பாஷை. அதனால்தான் கழுத்துக் குழாய் அடைப்பே இந்த நோய்க்குக் காரணம் என்று கைப்பேசியில் ஒரு செய்தியைப் படித்த அன்றே அதற்குள் போய்க் குடியிருந்துவிட்டாள். அவளுடைய பழைய ஸ்கேனிலும் எழுதியிருந்தது, மூளையில் சில இடங்களில் ரத்த ஓட்டம் மந்தம் என்று. மந்தம் என்றால் அடைப்பு. வேறென்ன?

நரம்பு டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசியது ஞாபகம் வந்தது. "ஓட்டம் குறையறது நிஜம்தாம்மா. ஏன் குறையுதுங்கிற சண்டை இன்னும் முடியலை. ஆனா குழாயை விரிச்சுப் பார்த்துட்டாங்க, பல நாட்டுல. யாருக்கு நிஜமா விரிச்சாங்களோ அவங்களையும், யாருக்கு விரிக்காமலே விரிச்ச மாதிரி செஞ்சாங்களோ அவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கதைதான். நீங்க போடுற ஊசியை விடாதீங்க, நடக்கிறதை விடாதீங்க." இந்தம்மாவுக்குக் குழாயைப் பற்றி என்ன தெரியும் என்று சாரதாமணி நினைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வந்தாள் என்ன, நாச்சிமுத்து தூக்கி நிறுத்தினார். அப்போது வராந்தாவில் ஒரு பெண் தன் பிள்ளையிடம், "தள்ளி நில்லு, பாவம் அந்தம்மா போகட்டும்" என்றாள். அந்தப் பாவம். இரண்டு வருடமாகச் செருப்பில் ஏறின முள்ளைப் போல அந்தச் சொல் கூடவே வருகிறது. பம்ப் ஹவுஸ் படியில் விழுந்த அன்று ஆபரேட்டர்கள் ஓடிவந்து சொன்னதும் அதுதான். பாவம் மேடம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவளிடம் மெமோ வாங்காத ஆபரேட்டர் அங்கே ஒருவனும் இல்லை.

"இப்பச் சத்தம் வரும், பயந்துராதீங்க," என்று பிலோமினா எதையோ திருகினாள். அறைக்குள் அவளுடைய ரத்தம் பேச ஆரம்பித்தது. உஷ்ஷ், உஷ்ஷ் என்று இழுத்து இழுத்து. சாரதாமணி கண்ணை மூடினாள். ஐயோ, எனக்குத் தெரிந்த சத்தம். கசிவைக் கேட்கிற நீள இரும்புக் கம்பி, அதன் முனையைத் தார் ரோட்டில் ஊன்றி, கொண்டையைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் வைத்து, மூச்சை நிறுத்தினால், மூன்றடி கீழே மண்ணுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரியும். ஊசித்துளைக் கசிவு சீ என்று சீட்டியடிக்கும். ஜாயிண்ட் விட்டிருந்தால் சருகு மேல் ஓணான் ஓடுவது போல. மெயின் உடைந்திருந்தால் சத்தமே இருக்காது, கம்பி மட்டும் பல்லில் அதிரும். ஆண்கள் சிரித்தார்கள் முதலில். சேலையைச் செருகிக்கொண்டு பட்டப்பகலில் நடுரோட்டில் தலையைச் சாய்த்து நிற்கிற பொம்பளை. "மேடம், பூமாதேவி என்ன சொல்றாங்க?" என்று பிட்டர் ராக்கியப்பன் கேட்பான். உங்களையெல்லாம் சீக்கிரம் கூப்பிட்டுக்கிறாளாம் என்பாள். அவள் குறி வைத்துக் காட்டிய இடத்தில் கடப்பாரை இறங்கினால் தண்ணீர் வரும். ஓரடி தள்ளி வந்ததில்லை. இப்போது அந்தக் காதுக்குள் அவளே ஓடிக்கொண்டிருக்கிறாள். உஷ்ஷ். நல்ல ஓட்டம். கரகரப்பு இல்லை, சீட்டி இல்லை. குழாய் சுருங்குகிற இடத்தில் தண்ணீர் தொண்டையைக் கனைக்கும், அந்தக் கனைப்பு எங்கே? இது ரத்தம், தண்ணீர் இல்லை, உனக்கென்ன தெரியும் என்று இன்னொரு குரல். சரி, தெரியாது. இருந்தாலும் காது காதுதானே. இது மூடிய குழாயின் சத்தம் இல்லை. தூங்குகிற குழாயின் சத்தம். பிலோமினா கருவியை அழுத்திப் பிடித்துத் திரையைப் பார்த்து, "இங்க ஸ்லோ," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டச்சு செய்தாள்.

ஸ்லோ. அந்தச் சொல்லில் சேலை முந்தானை கதவில் மாட்டிக்கொள்வது போல மனம் மாட்டிக்கொண்டது. அன்றைக்கு மீட்டர் பதிவேட்டில் அவளே சிவப்பு மையில் எழுதிய சொல். மில் லைன் வீடுகள், பதினோராவது வீதி, ஓட்டம் ஸ்லோ. அவளுக்கு இருபத்தேழு வயது, மாற்றலாகி வந்து நான்காவது மாதம். நாற்பத்திரண்டு ஓட்டு வீடுகள், ஒரே வரிசை, ஒரே குழாய். மாதா மாதம் அந்த லைனில் ஓட்டம் குறைந்துகொண்டே வந்து பாதிக்கும் கீழே போயிருந்தது. அடைப்பு என்றாள். பழைய இரும்புக் குழாய், உள்ளே துருக்கட்டி வளர்ந்திருக்கும். வீதியை ஒரு தடவை நடந்து பார்த்தாள். பார்த்தாள் என்று எப்படிச் சொல்வது, நடந்தாள். கதவுகள் பூட்டியிருந்தன. மில்லில் சங்கு ஊதியது. எல்லாரும் ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ரோட்டை மூன்று இடத்தில் வெட்டச் சொன்னாள். வால்வை மூடி, குழாயை அறுத்து, துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. இன்னும் மேலே வெட்டு என்றாள். அங்கேயும் சுத்தம். பதினோராவது நாள் ஒரு பெண் இடுப்பில் காலிக் குடத்தோடு பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், கையில் பஞ்சுத்தூசி எதுவும் இல்லை. "ஏனுங் மேடம், எதையத் தேடறீங்?" "அடைப்பும்மா. உங்களுக்குத் தண்ணி சரியா வர்றதில்லையே, அதுக்குத்தான்." "வரலீன்னு ஆருங் சொன்னது? நல்லா வந்துட்டுதான் இருந்துச்சு. புடிக்கறதுக்குத்தான் ஆளில்லீங். மில்லு மூடி எட்டு மாசமாச்சு. எல்லாம் ஊரப் பாத்துப் போய்ட்டாங்க. நாங்க நாலு வூடுதான் இருக்கறம். அந்த நாலு வூட்டுக்கும் நீங்க வந்த பொறவு பதினோரு நாளாத் தண்ணி இல்லீங்." மில் மூடியிருந்தது. சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. ஊருக்குக் கடிகாரம் அதுதான் என்று வாட்ச்மேன் மூன்று வேளையும் விடாமல் ஊதினான். ராக்கியப்பனுக்குத் தெரியும். ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங் மேடம், நீங்க இஞ்சினீருல்ல," என்றான் ராக்கியப்பன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால் மறந்திருப்பாள்.

பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், படிக்க வேண்டியதைப் படித்தேன். ஓட்டம் குறைந்தால் அடைப்பு என்று புத்தகத்தில் இருந்தது; இழுக்க ஆளில்லாமலும் ஓட்டம் குறையும் என்று அந்தக் குடத்துக்காரி சொல்ல வேண்டியிருந்தது. உஷ்ஷ், உஷ்ஷ். உறை உரிந்து செத்துப்போன இடங்கள் என் தலைக்குள் பூட்டிய வீடுகளா? வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதால் ஓட்டம் குறைந்ததா, ஓட்டம் குறைந்ததால் போனார்களா? டாக்டரம்மா சண்டை முடியவில்லை என்றார்களே, அது இந்தச் சண்டைதானா? முடியாத சண்டையை இந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்து நான் முடித்துவிட முடியாது. ஆனால் இதே பள்ளத்தை மறுபடியும் வெட்டச் சொல்லி நானேதான் படம் வரைந்து கொடுத்திருக்கிறேன், காலண்டர் தாளில், பெருக்கல் குறி போட்டு. அதே கை. அதே கர்வம். வலக்கையால் படிவத்தை முகத்துக்கு நேரே தூக்கினாள். "அம்மா, கையக் கீழ போடுங்க," என்றாள் பிலோமினா. கீழே போடவில்லை. இடக்கண்ணால் படித்தாள். நான்காவது குறிப்பு, எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. குழாய் கிழியலாம். ரத்தம் கட்டலாம். அரிதாக, மூளைக்குள் கசிவு. கசிவு! எத்தனை கசிவை அடைத்திருப்பேன். இருக்கிற நாலு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை, நீங்க வந்த பிறகு. என்னிடம் இருக்கிற வீடுகள் எவை? இந்த வலது கை. இந்த இடது கண். நாக்கு, வெயில் தாழ்ந்தால் இன்றைக்கும் ஒரு காண்டிராக்டரை அழவைக்கிற நாக்கு. அப்புறம் மூத்திரத்தை அடக்கத் தெரிந்த ஓர் இடம், அதுவும் இன்னும் பூட்டவில்லை, சந்தோஷம். இவ்வளவுதானா? இடது கை பாதி திறந்த கதவு, அதில் ஆள் உண்டா இல்லையா தெரியாது. இந்த வீடுகளுக்குப் போகிற தண்ணீரை நிறுத்தி, பள்ளம் வெட்டிப் பார்க்கவா கையெழுத்து?

பயம் வந்தது. பயம் எப்போதும் காலிலிருந்து வரும், உணர்ச்சியில்லாத இடது காலிலிருந்துதான் வரும், அது ஒரு விநோதம். போடாவிட்டால்? போடாவிட்டால் அவரிடம் என்ன சொல்வது? வெளியே உட்கார்ந்திருக்கிற மனிதர் அந்தப் படத்தைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் விரித்துக் காட்டினார். "என்ற சம்சாரம் வரைஞ்சதுங்க, இஞ்சினீரு." ரசம் கேட்ட அந்தக் குரலை நான் எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வேன்? அடைப்பு இல்லை என்றால் கோளாறுக்கு இடமே இல்லை, பெருக்கல் குறி போட ஓர் இடமும் இல்லை, நாளைக்கும் ஊசி, நாளை மறுநாளும் ஊசி, படி ஏறும்போது எண்ணிக்கை, வெயில், பாவம் மேடம். பலூன் ஊதினால் ஒரு நாளாவது நம்பலாம். நம்பிக்கைக்காக ஒரு பள்ளம். வெட்டியிருக்கிறேனே, மேலே வெட்டு மேலே வெட்டு என்று, சுத்தமான குழாயைப் பார்த்த பிறகும். ஏன் வெட்டச் சொன்னேன்? குழாய்க்காக இல்லை. எனக்காக.

"இப்பத் தலைக்குள்ள பாப்பம்," என்று பிலோமினா கருவியை வலது நெற்றிப்பொட்டுக்கு மாற்றினாள். சத்தம் மாறியது, மெல்லியது, கூர்மையானது, தூரத்தில் யாரோ சேலையை உதறுவது போல. திரையில் ஓட்டத்தின் வேகத்துக்கு ஓர் எண். நாற்பத்தெட்டு. "இது எந்தப் பக்கத்துக்குத் தண்ணி... ரத்தம் போகுது?" "வலது மூளைம்மா. உங்க இடது கையெல்லாம் இதுதான் பாத்துக்கும். பேசாதீங்கன்னேன்." இடது கையை. சாரதாமணி படிவத்தை வயிற்றில் போட்டுவிட்டு, தொடை ஓரம் கிடந்த இடது கையைப் பார்த்தாள். எழுந்திரு. ஆட்காட்டி விரலைக் கட்டை விரலில் தொடு. தொட்டது, தொட்டதாகக் கண் சொன்னது, விரல் சொல்லவில்லை. நடுவிரல். வந்து சேர நேரமெடுத்தது, ஆனால் வந்தது. மோதிர விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. தொடு. தொடு. நெற்றியில் வேர்த்தது. உஷ் என்பது இப்போது உஷ்ஷ்ஷ் என்று லேசாக மேலே ஏறியது போலிருந்தது. அவளுக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? நாற்பத்தொன்பது. ஐம்பத்தொன்று. "அம்மா, என்ன பண்றீங்க? ரீடிங் ஏறுது." "ஏறட்டும்." "ரெஸ்ட்ல எடுக்கணும்மா, கையை ஆட்டினா, எதையாவது யோசிச்சாக்கூட அங்க ரத்தம் கொஞ்சம் கூடப் போகும். எல்லாருக்கும் அப்படித்தான்." "எல்லாருக்குமா? எனக்குமா?" பிலோமினா திரும்பித் திரையைப் பார்த்தாள். "உங்களுக்கும்தான்," என்றாள். சிரித்துவிட்டாள். "ஐம்பத்திரண்டும்மா. ரிப்போர்ட்டைக் கெடுத்துட்டீங்க."

யாரோ பிடிக்கிறார்கள். குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தால் தொட்டியிலிருந்து தண்ணீர் கிளம்பும், கேட்டால் கிளம்பும், இந்தக் குழாய் செத்த குழாய் இல்லை, காத்திருக்கிற குழாய். இதனால் குணமாகுமா? ஆகாது. மில் திறக்கவில்லை, போனவர்கள் திரும்பவில்லை, அந்த வீதியில் இன்றைக்கு ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. ஆனால் அந்த நாலு வீட்டுக்கும் அன்று சாயங்காலமே அவள் தண்ணீர் விட்டாள். ராக்கியப்பனோடு பள்ளத்தில் இறங்கி, அறுத்த துண்டை அவளே ஏந்திப் பிடித்து, போல்ட்டை முறுக்கி. நனைந்த சேலையோடு நின்று முதல் குடம் நிறைவதைப் பார்த்தாள். அதை ஏன் இத்தனை வருடம் மறந்தேன்? அவமானம் மட்டும் ஞாபகத்தில் இருந்தது. தண்ணீர் விட்டது ஞாபகத்தில் இல்லை. "பிலோமினா, எங்க வூட்டுக்காரரை உள்ள கூப்பிடுங்க." "டெஸ்ட் முடியட்டும்மா." "டெஸ்ட்டை நான்தான் கெடுத்துட்டேனல்ல. கூப்பிடுங்க."

நாச்சிமுத்து பிளாஸ்கோடு வந்து கதவருகே நின்றார். அட்டையைப் பார்த்தார், கையெழுத்து இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். "என்ன மணி? பயமா இருக்குதா? நாம்பதான் அடைப்பைக் கண்டுபுடிச்சிட்டமல்ல," என்று சட்டைப்பையைத் தொட்டார். "ஏனுங்க, அந்தப் படம் தப்புங்க." அவர் பிளாஸ்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நீதான வரைஞ்ச?" "நான் வரைஞ்சதுதான் தப்பு. நான் கையெழுத்துப் போடப் போறதில்லைங்க." அவருடைய முகம் அப்படியே தளர்ந்ததை இடக்கண் நன்றாகவே பார்த்தது, பால் ஊற்றிய கண்ணால் பார்த்திருக்கக் கூடாதா. "அப்பறம் என்னதான் பண்றது?" என்றார். பட்டறையில் யாரிடமும் கேட்டறியாத கேள்வி. சாரதாமணி கண்ணைக் காட்ட, பிலோமினா கருவியை மறுபடி நெற்றிப்பொட்டில் வைத்தாள். "இங்க வாங்க. உங்க காதைக் குடுங்க. இது சும்மா ஓடற சத்தம். கேக்குதுங்களா?" கேட்டார். தலையைச் சாய்த்து, பட்டறையில் மோட்டாரைக் கேட்பது போல, வாயைச் சற்றுத் திறந்துகொண்டு கேட்டார். அவள் இடது கையைத் தூக்கினாள். ஆட்காட்டி விரல். நடு விரல். மோதிர விரல் பாதியில் நின்றது. மறுபடி. தொடு, தொடு, தொடு. சேலையை உதறுகிற சத்தம் கொஞ்சம் விசையாயிற்று. ஆயிற்றோ இல்லையோ, திரையில் எண் ஏறியது. நாச்சிமுத்து எண்ணைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். "லோடு ஏறுது," என்றார் மெதுவாக. நிஜமாகவே அவருக்குக் கேட்டதா, அவளுக்காகச் சொன்னாரா, அதை அவள் என்றைக்கும் கேட்கப் போவதில்லை. "அதேதான். இன்னும் இழுக்குதுங்க. இழுக்கற வரைக்கும் இதை ஆரும் வெட்ட வேண்டியதில்லை."

பிலோமினா அட்டையை எடுத்துக்கொண்டாள். இந்த முறை சாரதாமணி கொடுத்துவிட்டாள். "டாக்டர் கேட்டா என்னம்மா சொல்ல?" "ஆள் இருக்குதுன்னு சொல்லுங்க." மணி நான்கு பத்து. வெளியே வெயில் இன்னும் இறங்கியிருக்காது. தரையில் கால் வைத்து, சுவரைப் பிடித்து, பேருந்து நிறுத்தம்வரை நடக்க வேண்டும். யாராவது பாவம் என்பார்கள். சொல்லட்டும், அவர்கள் பெயரைக் கேட்டு வீதி எண்ணோடு எழுதிக்கொள்வேன். நெற்றியில் பசையைத் துடைக்கப் பிலோமினா பஞ்சை எடுத்தாள். நாச்சிமுத்து கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "ஒரு நிமிசம் இருங்கம்மா," என்றார். பிறகு மனைவியின் பக்கம் குனிந்து, "மணி, இன்னொருக்கா பண்ணு. அந்த மூணாவது வெரலு வரலீயே." சாரதாமணி மோதிர விரலைப் பார்த்தாள். அது பாதி வழியில் நடுங்கிக்கொண்டு நின்றது. வா, என்றாள்.